பின்வரிசையில் நின்ற பிள்ளைகள்

கேரள எல்லைப்புறத்துத் தனுவச்சபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் பிரின்ட் எடுக்கவும் விண்ணப்பம் போடவும் வருவார்கள். எது கள்ள அக்கவுண்ட், எவன் விஷயம் பேச வருகிறான், எவன் வம்புக்கென்றே வருகிறான் என்பதையெல்லாம் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அந்த மண்டைக்கனம் எனக்கு இருந்தது. என் சொந்தத் தங்கச்சிக்கு அது பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை.

தங்கச்சி எங்கள் சபையில் பிள்ளைகளின் பாட்டுக்குழுவைப் பதினொரு வருஷமாக நடத்திவந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை அவளும் பேசமாட்டாள், நாங்களும் பேசமாட்டோம். சனிக்கிழமை மத்தியானமானால் இருபது பிள்ளைகள் அவள் வீட்டு முன்னறையில் கூடிக் கத்தும். ஒரு வாரம் முழுக்க அவள் வாழ்ந்தது அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான்.

போன கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் பாடிய போட்டோவைச் சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்கள். எல்லாரும் வாழ்த்து எழுதினார்கள். நடுவில் ரோஜாப்பூப் படம் வைத்த ஒரு அக்கவுண்ட் மலையாளத்தில் எழுதியது: "ஒரு சம்சயம் சோதிச்சோட்டே, சேச்சி?" ஒரு சந்தேகம் கேட்கலாமா அக்கா என்று என்ன மரியாதை பாருங்கள்! சந்தேகம் இதுதான்: கறுத்த பிள்ளைகளை எல்லாம் பின்வரிசையில் நிறுத்தியது தற்செயலா?

பிள்ளைகளை உயரம் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தாள். தங்கச்சி அதை அப்படியே பதிலாக எழுதினாள். உடனே அடுத்த சம்சயம் வந்தது: முன்வரிசை ஓரத்தில் நிற்கிற வெளுத்த பெண் உயரமாக இருக்கிறாளே? அவளுக்குக் காலில் அடிபட்டிருந்தது, படியேற முடியவில்லை. அதையும் எழுதினாள். ரோஜாப்பூ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தனிப்பாட்டு யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டது.

நான் கடையில் இருந்து அந்த அக்கவுண்டைத் திறந்து பார்த்தேன். தொடங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. சொந்தமாக ஒரு பதிவும் இல்லை. திங்கட்கிழமை அது ஒரு பிள்ளையின் மாமன். புதன்கிழமை பக்கத்து வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை, எனக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, நியாயம்தான் கேட்கிறேன் என்றது. பதிலை வாசிக்கிற உத்தேசமே அதற்கு இல்லை. பதில் வந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"எட்டி, இது சந்தேகம் கேக்க வந்ததில்ல. நீ எழுத எழுத நாலுபேரு கூடுவாவ, அதுக்கு அதாக்கும் வேண்டியது. மிண்டாத இரி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லல்லன்னா, உள்ளதுன்னுதானே நெனைப்பாவ எக்கா?"

"நெனைக்கட்டு. பிளாக் பண்ணு."

பிளாக் பண்ண அவளுக்கு மனசு வரவில்லை, ஆனால் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தது நான். பிள்ளை பெறாதவளுக்கு மற்றவர் பிள்ளையின் அருமை எப்படித் தெரியும் என்று ரோஜாப்பூ எழுதியதும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. கடையில் ஆள் காத்து நிற்க, பதினான்கு வரி தட்டினேன். "உனக்கு மூஞ்சி இல்லியா, சவமே" என்று முடித்தேன். கோபப்படாதீர்கள் சேச்சி, கேள்விதானே கேட்டேன் என்று அது தண்ணீர் மாதிரி பதில் எழுதியது. மத்தியானத்துக்குள் செங்கல், பூவார் என்று பக்கத்து ஊர் ஆட்களெல்லாம் வந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். புத்தி சொன்ன வாயாலேயே கெடுத்தேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாசத்துக்கு ஒருமுறை அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு முந்தின நாள், மனஸ்தாபம் உள்ளவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் மன்னிப்புக் கேட்பார்கள். யார் சரி, யார் தப்பு என்ற விசாரணை அங்கே கிடையாது. "மனசுல ஒண்ணும் வைக்கப்பிடாது" என்று கையைப் பிடித்து, ஒரு கட்டன்சாயா குடித்தால் தீர்ந்தது. மன்னிப்புக் கேட்டவர்தான் குற்றவாளி என்று இங்கே யாரும் நினைத்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ரோஜாப்பூ எழுதியது: எனக்கு உங்கள் மேல் மனஸ்தாபம் உண்டு, இதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எப்படித் திருவிருந்து எடுப்பீர்கள்? எங்கள் வழக்கம் தெரிந்த ஆள். நாங்கள் உட்காருகிற பெஞ்சுகளில் ஒன்றில் உட்காருகிற ஆள்.

ஓடிப்போய் தங்கச்சியிடம் சொன்னேன். "உனக்கு ஆளைத் தெரியுமா? வீட்டைத் தெரியுமா? பூவுகிட்டயா மன்னிப்புக் கேப்ப?"

"ஆரா இருந்தா என்ன, எக்கா? ஒரு வருத்தம் உண்டுன்னு சொல்லியாச்சு. அத வச்சிக்கிட்டு நான் எப்பிடிப் போயி கை நீட்டுவேன்?"

சனிக்கிழமை காலை எழுதிவிட்டாள். யாருடைய மனமாவது என்னால் நொந்திருந்தால் என்னை மன்னிக்க வேண்டும் என்று, கும்பிடுகிற கைப் படம் வைத்து. சாயங்காலத்துக்குள் அதன் ஸ்கிரீன்ஷாட் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. மேலே ஒரே வரி: குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் போதகர் வந்தார். "பாட்டுக்குழுவ விட்டு கொஞ்ச நாளு ஓய்வெடு மக்கா, இது அடங்கட்டு" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். அவரும் நல்லவர்தான். எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாள், பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் கையைப் பிடித்தார்கள், மனசில் ஒன்றும் வைக்கக்கூடாது என்றார்கள், இரண்டுபேர் அழவும் செய்தார்கள். நான் சாயா போட்டுக் கொடுத்தேன். அதுவும் சனிக்கிழமை மத்தியானம்தான். ஒருவர்கூடப் பிள்ளையைக் கூட்டிவரவில்லை.

ரோஜாப்பூ அதற்குள் அக்கவுண்டை மூடிவிட்டது. யாரென்று இன்றைக்கும் தெரியாது. இனித் தெரிந்தும் என்ன?

எல்லாரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். தங்கச்சி போனோடு வந்து பக்கத்தில் நின்றாள். அந்த போட்டோவைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"எக்கா, நான் அறியாம அப்பிடிச் செய்திருப்பேனோ?"

இல்லை என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். இருபது முகங்களும் எனக்குத் தெரியும், அவளையும் தெரியும். ஆனால் இந்த ஒரு மாதத்தில் நானும் கடையில் தனியாக இருக்கும்போது அந்த போட்டோவை எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்திருந்தேன்.

"இல்லட்டி" என்றேன். கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.