சுபான் பாய்க்கு மருந்து வைத்தது யார்

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுச் சுவருக்கு மறுபக்கம் அப்துல் சுபான் பாய் வீடு. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். தருமபுரி தனி மாவட்டமாகி மூன்றாம் வருசம் அவருக்குப் புத்தி தடுமாறியது. காரணம் இன்னதுதான் என்று ஊருக்குச் சொன்னவள் நான். ஆகையால் மிச்சத்தையும் நானே சொல்கிறேன்.

அதுவரை அவர் அதிர்ந்து பேசியதில்லை. அண்டாவுக்குள் மணலைப் போட்டு, ஏறி நின்று, இடுப்பைத் திருப்பித் திருப்பித் தேய்ப்பார். பிள்ளைகள் சிரித்தால் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். சுத்தமான வெள்ளீயம் கிடைக்காத காலம். வாங்கிய துண்டில் காரீயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பல்லால் கடித்துப் பார்ப்பார். அதே கையால் வெற்றிலையும் போடுவார்.

அப்படிப்பட்டவர் எந்த அண்டா யாருடையது என்று மறந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ஒருநாள் மனைவி குல்ஷன் மேல் தவலையைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்தது யார் என்று அவளையே கேட்டார்.

எனக்குக் குல்ஷன் மேல்தான் சந்தேகம். புருசனை முந்தானையில் முடிந்துகொள்ளச் சோற்றில் மருந்து வைக்கிறவர்கள் உண்டு. அவள் கறிக்குழம்பை எப்போதும் மூடியே வைத்திருப்பாள். குழம்பை மூடாமல் யார் வைப்பார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இண்டூரில் மருந்து எடுக்கிற காவேரியிடம் பாயைக் கூட்டிப்போனேன். அவள் அவர் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பினாள்.

“வூட்டுச் சோத்துல வெச்சதுதான்,” என்றாள்.

உறிஞ்சுவதற்கு முன்னால் அவள் வாயைத் திறந்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே நாலு பேரிடம் சொன்னேன். பத்தே நாளில் குல்ஷனின் அப்பா பொம்மிடியிலிருந்து வந்து மகளை அழைத்துப்போனார். அவள் அழவில்லை. என் வாசலில் நின்று, “இனிமே நீங்களே ஆக்கிப் போடுங்கக்கா,” என்றாள்.

போட்டேன். மூன்று மாதம், களியும் கீரையும், என் கையால். உருண்டையை எடுத்தாயிற்று, வைத்தவளும் போயாயிற்று. அவர் தேற வேண்டாமா? துருத்தியால் ஈய அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார். ஈயத்தைக் கடித்துக்கொண்டே இருந்தார். மணிக்கட்டு தொங்கிப்போனது. சுவரோடு பேசினார்.

சந்தையில் கீரைக்கார ராஜாமணி கேட்டாள்: “ஏன் தீர்த்தம்மா, இப்பச் சோறு போடறது நீதானே? நீ என்னாத்த வெக்கற?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் நியாயப்படி பார்த்தால் அவள் கேட்டது சரி.

மறுநாளே தருமபுரிக்கு பஸ் ஏற்றி அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு ஓரமாக நீலக்கோடு.

“காரீயம் உள்ள போயிருக்குதும்மா. வயிறு, நரம்பு, மூளை, எல்லாத்தையும் கெடுக்கும். மொதல்ல இந்த வேலையை வுடச் சொல்லுங்க.”

“அவரு பூசுன பாத்திரத்துலதானுங்க ஊரே ஆக்குது. ஊருக்கே பைத்தியமா?”

“ஊரு அதைக் கடிக்கலையே! இருந்தாலும் அதுல புளிக்கொழம்பு வெக்காதீங்க.”

நம்பவில்லை. ஆனாலும் அன்றைக்கே குழம்பை மண்சட்டிக்கு மாற்றினேன். பாயின் துருத்தியைத் தூக்கி என் வீட்டுப் பரணில் போட்டேன்.

இரண்டு மாதத்தில் வயிற்றுவலி நின்றது. ஒருநாள் தெளிவாகக் கேட்டார்: “குல்ஷன் எங்கேக்கா?”

பொம்மிடிக்குப் போனேன். குல்ஷன் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“எதுக்கு வந்தீங்க? மருந்து மிச்சமிருக்குதான்னு பாக்கவா?”

“தப்பு என்னுதுதான் கண்ணு. வா, போலாம்.”

“எங்கிட்டச் சொன்னா ஆச்சா? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க.”

சொன்னேன். அடுத்த சந்தைக்கு அவளையும் கூட்டிவந்து, கத்தரிக்காய்க் குவியலுக்கு நடுவே நின்று, தொண்டை கிழிய.

“குல்ஷன் ஒண்ணும் வெக்கல. ஈயத்தைக் கடிச்சுத்தான் பாய்க்கு இப்படியாச்சு. அவ குடியைக் கெடுத்தது என் வாயி!”

குல்ஷன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எனக்கு முன்னால் தன் வீட்டுக்கு நடந்தாள்.

பாய்க்கு வலது கை முழுசாக நிமிரவே இல்லை. பிறகு வளையல் கடை வைத்தார். குல்ஷன் பண்டிகைக்குப் பண்டிகை குழம்பு கொண்டுவருவாள், மூடி போட்டுத்தான்.

“தொறந்து பாத்துட்டுச் சாப்புடுங்கக்கா,” என்பாள்.

பார்க்காமல்தான் சாப்பிடுகிறேன்.