எங்கள் வீட்டு எண்ணெய் மட்டும் உறையவில்லை

போன திங்கட்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரே சலசலப்பு. எட்டிப் பார்த்தால், எங்கள் மயிலாப்பூர்த் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். தலையைச் சுற்றி அப்பாவின் துண்டு, அம்மாவின் பழைய புடவை. வாயிலிருந்து வருகிற ஆவியை ஊதி, பீடி குடிக்கிற விளையாட்டு வேறு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தேங்காயெண்ணெய் பாட்டில்.

"என்ன இது, ஊர்வலமா?" என்றேன்.

"சோதனை மாமா. நீங்கதானே எழுதினேள்?" என்றாள் பட்டு. பக்கத்து வீட்டுக் கோமதியம்மாளின் பெண். வயது பதினொன்று. இந்தப் பட்டாளத்துக்கு அவள்தான் கேப்டன்.

ஆமாம், நான்தான் எழுதினேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், இந்தப் பத்திரிகையில், இதே சிறுவர் பக்கத்தில். படிக்காதவர்களுக்காகத் திரும்பவும் சொல்கிறேன். 'இந்தக் குளிரில் நல்ல தேங்காயெண்ணெய் கல் மாதிரி உறைந்துவிடும். உறையவில்லை என்றால் அதில் கடலையெண்ணெய் கலந்திருக்கிறது. உடனே உங்கள் வீட்டுப் பாட்டிலைப் பாருங்கள். உறையாத எண்ணெய் விற்கிறவரை நம்பாதீர்கள்.' அவ்வளவுதான். எழுதி முடித்தபோது எனக்கு ரொம்பப் பெருமை. நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தினவன், சயன்ஸ் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டேன் அல்லவா?

பட்டு ஒவ்வொரு பாட்டிலாக வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டி.

"பாஸ். பாஸ். இதுவும் பாஸ்... உங்காத்து பாட்டில் எங்கே மாமா?"

என் மகள் சரோஜா உள்ளே ஓடிப் போய் எடுத்து வந்தாள். பட்டு அதைச் சாய்த்தாள். எண்ணெய், கிணற்றுத் தண்ணீர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

கடைசியில் நின்ற பொடியன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "பெயில்."

இந்த வருஷத்துக் குளிர் உங்களுக்கே தெரியும். மார்கழியில் நாலு நாள் பனி பெய்யும், பொங்கல் வந்தால் போய்விடும் — அதுதானே நம் பட்டணத்துக் குளிர்? இந்தத் தடவை பொங்கல் போயே இத்தனை நாளாகிறது. குளிர் போகவில்லை. பட்டப்பகலில் எண்ணெய் உறைகிறது. ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எடுத்துத் தலையில் தேய்க்க வேண்டியிருக்கிறது. பத்திரிகையைத் திறந்தால் தினமும் ஒரே சேதி: குளிரில் ரிக்கார்டு உடைந்தது.

"எந்தப் பாட்டு ரிக்கார்டுப்பா?" என்று சரோஜா கேட்டாள். கிராமபோன் ரிக்கார்டு என்று நினைத்துவிட்டாள். நான் விளக்கினேன். "அப்போ நேத்து உடைஞ்சது இன்னிக்கு எப்படிப்பா மறுபடி உடையும்?" என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. பத்திரிகைக்காரர்களே உட்கார்ந்து உடைக்கிறார்களோ?

எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான். யுத்தம் வந்ததிலிருந்து பிடித்த வியாதி. அரிசியில் கல், சர்க்கரையில் ரவை, மண்ணெண்ணெயில் தண்ணீர். பின்னே எப்படி நம்புவது? என் பிள்ளைகளுக்குக்கூடச் சரியாகக் குளிக்கிற நேரத்துக்குத்தான் இருமல் வருகிறது.

ஆகையால் பிள்ளைகள் போனதும் நான் சந்தேகப்பட்டது யாரை? எங்கள் எண்ணெய்க்காரர் காதர் பாயைத்தான்.

பாய் சைக்கிளில் வருவார். பின்னால் இரண்டு டின். வியாழக்கிழமைதோறும் எங்கள் தெரு. என் வீட்டோடு சேர்த்து இங்கே பத்து வீட்டுக்கு அவர்தான் எண்ணெய். அதில் ஒரு சங்கடம் பாருங்கள். திங்கட்கிழமை 'பாஸ்' ஆன ஏழு பாட்டிலும் அவர் ஊற்றினதுதான்.

அப்படியானால் பாய் நல்லவர் என்றுதானே ஆகிறது? நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். சந்தேகக்காரனுக்கு அப்படித் தோன்றாது. 'எல்லாருக்கும் நல்ல எண்ணெய் ஊற்றிவிட்டு எனக்கு மட்டும் கலப்படம் ஊற்றுகிறார். இரண்டாவது டின் எதற்கு? இதற்குத்தான்.' இப்படிப் போயிற்று என் மூளை. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

"அதுல நல்லெண்ணெய்னா இருக்கு?" என்றாள் என் மனைவி.

"நீ பார்த்தாயா?"

"வாங்கியிருக்கேனே. எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர்தான் ஊத்தறார். நீங்க பத்திரிகைக்கு எழுதறவர், அவர் எண்ணெய் விக்கிறவர். எண்ணெய்ல சந்தேகம்னா நான் அவரைத்தான் கேப்பேன்."

நான் கேட்டேனா? இல்லை. தெருக் குழாயடியில் இரண்டு பேரிடம் சொன்னேன். "பாய் இரண்டு தினுசு வைத்திருக்கிறார் போலிருக்கிறது" என்று, போகிற போக்கில். 'போலிருக்கிறது' என்றுதான் சொன்னேன். புதன்கிழமைக்குள் அந்தப் 'போலிருக்கிறது' உதிர்ந்துபோய், மிச்சம் மட்டும் பத்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை சைக்கிள் மணி கேட்டது. நான் ஜன்னலோரம் நின்று கவனித்தேன்.

"இன்னிக்கு வேண்டாம் பாய்."

அடுத்த வீடு. "இருக்கு பாய், இந்த வாரம் வேண்டாம்."

அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் பாட்டிலில் எண்ணெய் அழகாக உறைந்து கிடக்கிறது, நானே பார்த்தேன். ஒன்பது வீடு, ஒன்பது வேண்டாம். கடைசியில் சைக்கிள் என் வாசலில் நின்றது.

பாய் எப்போதும் வந்து நின்றவுடனே, "இன்னா நைனா, உடம்பு நல்லா கீதா?" என்பார். அன்றைக்கு அது இல்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். இந்தப் பத்திரிகையின் பக்கம்.

"இது நீங்க எழுதினதுங்களா?"

பத்து வருஷத்தில் அவர் என்னை 'நீங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமாம் பாய்."

"மந்தவெளில ஒரு வூடு. ரொம்ப நாளா ஊத்திக்கினு கீறேன். முந்தாநேத்து வேணாம்னுட்டாங்க. இன்னா காரணம்னு சொல்லல. அந்த வூட்டு பாப்பா பின்னாலயே ஓடியாந்து, 'பாய், இதப் படிங்க'ன்னு இந்தக் காயிதத்தக் குட்த்துச்சு. எனக்குத் தமிழ் படிக்க வராது. மசூதியாண்ட ஒருத்தர் படிச்சுக் காமிச்சாரு. எழுதினது யாருன்னு கேட்டேன். உங்க பேரச் சொன்னாரு."

"நான் உங்க பேரை எழுதவே இல்லையே பாய்."

"பேர எழுதியிருந்தா ஒருத்தன் மேல வுழும். எழுதாததுனால எண்ணெய் விக்கிற எல்லார் மேலயும் வுழுது. அடையாறுல மூணு வூடு போச்சு. இன்னிக்கு இந்தத் தெருவே போச்சு. எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

நான் அப்போதாவது அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. "அப்படியானால் இது ஏன் உறையவில்லை?" என்று எங்கள் பாட்டிலைக் காட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்தார். முகர்ந்தார். "என் எண்ணெய்தான்" என்றார். குரலில் அவருக்கே ஆச்சரியம்.

பிறகு டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளைப் பாறை. கரண்டி அதில் நட்டு வைத்த மாதிரி நிற்கிறது.

நான் இரண்டாவது டின்னைப் பார்த்தேன். அவர் அதையும் திறந்தார். விரலைத் தொட்டு முகர்ந்தேன். நல்லெண்ணெய். இன்னொரு தடவை முகர்ந்தேன். அப்போதும் நல்லெண்ணெய்தான். 'இன்றைக்கு மாற்றிக் கொண்டு வந்திருப்பார்' என்றது என் மூளை. அதன் வாயை எதைக்கொண்டு அடைப்பது?

பாய் என்னை விட்டுவிட்டார். சரோஜாவிடம் கேட்டார்: "பாப்பா, இந்த பாட்டில எங்க வெப்பீங்க?"

"அதோ, கூடத்து மாடத்துல. கண்ணாடி, சீப்பு எல்லாம் அங்கதான் இருக்கும்."

"அந்த எடத்துல கைய வெச்சுப் பாரு."

சரோஜா சிரித்துவிட்டாள். "வெக்கவே வேண்டாம் பாய். அந்தச் சுவரே கதகதன்னு இருக்கும். நாங்க அதுலதான் சாஞ்சு உக்காந்து படிப்போம்."

நான் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

இத்தனை நாளாகப் பிள்ளைகளை, "சுவரில் சாயாதே, நிமிர்ந்து உட்கார்" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் நாலு சுவர் இருக்க, ஏன் அந்த ஒன்றில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கோமதியம்மாள் வீடு. கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்காத்துல மாமனாருக்கு இழுப்பு ஜாஸ்தியா இருக்கே, தெரியாதா? இந்தக் குளிர்ல மணிக்கொரு தரம் வெந்நீர் வேணும். மரத்தூள் அடுப்பைக் காலம்பற பத்த வெச்சுட்டா நாள் பூரா கனிஞ்சுண்டே இருக்கும். ஏன், சுவர் ஏதாவது விரிசல் விட்டுடுத்தா?" என்றார்.

"அடுப்பு அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கு மாமா," என்றாள் பட்டு. "நீங்க கேக்கவே இல்லையே."

"சரி பாய், புரிந்தது" என்றேன். பாய் விடவில்லை.

"நான் சொன்னேன், இந்தம்மா சொன்னாங்கன்னு நம்பாதீங்க. கண்ணால பாத்துக்குங்க. பாப்பா, ஒரு சின்னக் கிண்ணத்துல இந்த எண்ணெய ஊத்து. பெரிய பாத்திரத்துல பானைத் தண்ணி வெச்சு, அதுக்குள்ள வெய்யி."

வெளி வாசலில் வைத்தோம். திங்கட்கிழமைப் பட்டாளம் முழுவதும் கூடிவிட்டது. பாயை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

குழந்தைகளே, உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது உறைய வேண்டும் என்றா நான் வேண்டிக்கொண்டேன்? இல்லை. மனசின் ஒரு மூலையில், உறையக் கூடாது, உறையக் கூடாது என்றுதான் இருந்தது. உறையாவிட்டால் நான் எழுதினது சரியாகிவிடும் பாருங்கள். ஒரு மனிதர் பிழைப்புப் போனாலும் பரவாயில்லை, நம் பேச்சு பொய்யாகக் கூடாது... இப்படியும் ஒரு நினைப்பு வருகிறது. அப்பாமார்களுக்கும் வருகிறது.

ரொம்ப நேரம் ஒன்றுமே ஆகவில்லை. பிறகு கிண்ணத்தின் ஓரத்தில் லேசாக ஒரு மங்கல். அப்புறம் ஒரு வெள்ளை நூல். அந்த நூல் சுற்றி வந்தது, உள்ளே பரவியது. பட்டு கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

அவள் 'பாஸ்' என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"பாய், தப்பு என்னுடையது" என்றேன். அவரோடு வீடு வீடாகப் போனேன். சுவர்க் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். நாலு வீட்டில் எண்ணெய் வாங்கினார்கள். ஐந்தாவது வீட்டு அம்மாள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "எங்க எண்ணெய் நன்னா உறைஞ்சுதான் இருக்கு. அவர் மேல ஒரு குத்தமும் சொல்லலை. இருந்தாலும்... அடுத்த வாரம் பாக்கலாமே."

குற்றம் இல்லை. எண்ணெயும் நல்லது. அப்புறம் என்ன 'இருந்தாலும்'? அந்த 'இருந்தாலும்' நான் விநியோகம் பண்ணினது. கொடுத்துவிட்டேன். திரும்ப வாங்கத் தெரியவில்லை.

தெருமுனையில் பாய் சைக்கிளில் ஏறினார். "நீங்க கூட வந்தீங்க, சந்தோசம். ஆனா நீங்க வாயால சொன்னது இந்தத் தெருமுனை வரிக்கும்தான் கேக்கும். அச்சுல போட்டது மந்தவெளி, அடையாறுன்னு போய்க்கினே கீது. அதப் புடிக்க நம்ம சைக்கிளால முடியாது. அச்சுலயே போடுங்க."

போட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. இந்த வாரத் தபாலில் உங்கள் கடிதங்கள் வந்திருக்கின்றன. கோபாலபுரத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: 'மாமா, எங்கள் வீட்டு எண்ணெய் உறையவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன். அம்மா எண்ணெய்க்காரரை நிறுத்திவிட்டாள்.' எழுத்தெல்லாம் குதிக்கிறது, அவ்வளவு சந்தோஷம். இதே மாதிரி இன்னும் சில கடிதங்கள்.

அம்மா கண்ணு, அந்த எண்ணெய்க்காரர் நிஜமாகவே கலப்படக்காரராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. 'எனக்குத் தெரியாது' என்கிற அந்த ஒரு வரியை இரண்டு வாரத்துக்கு முன்னால் எழுத மறந்துவிட்டேன். அவரை ஒரு தடவை கூப்பிடச் சொல். அவர் பக்கத்தில் இருக்கும்போதே கிண்ணத்தில் ஊற்றிப் பானைத் தண்ணீரில் வைத்துப் பார். அதற்கும் முன்னால், பாட்டில் இருக்கிற இடத்தில் கையை வைத்துப் பார்.

இன்னும் ஒன்று. இந்தப் பக்கத்தை மனசுக்குள்ளேயே படித்துவிட்டு மூடி வைத்துவிடாதீர்கள். அம்மா இருக்கிற இடத்துக்குப் போய், கொஞ்சம் சத்தமாகவே படியுங்கள்.