பன்னிரண்டு மாதம் நிறுத்த புல்

பால்பண்ணையில் எல்லோரும் அவளைத் 'தராசக்கா' என்றே கூப்பிட்டார்கள். புல் அறுக்கும் வேலை. அறுத்ததை நிறுக்காமல் மாட்டுக்குப் போட மாட்டாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

ஒரு மழைக்காலத்தில் மேலாளர் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். கினியாப்புல் ஆளுயரம் நின்றது. பக்கத்துப் பாத்தியில் கொழுக்கட்டைப்புல் முழங்காலைத் தாண்டவில்லை.

"இந்தக் குட்டைப் புல்லை உழுதுட்டு, எல்லா இடத்துலயும் கினியாவே நட்டுடலாம்" என்றார்.

தராசக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மழை பெஞ்சா பாறைகூடப் பச்சையாத்தான் சார் இருக்கும். ஒரு வருஷம் பொறுங்க. ரெண்டையும் மாசாமாசம் நிறுத்துக் காட்டறேன். குட்டைதான் ஜெயிக்கும்."

அவர் சிரித்தார், ஆனாலும் சம்மதித்தார்.

மாதாமாதம் இரண்டு பாத்தியிலும் ஒரே அளவு சதுரம் அறுத்து நிறுத்தாள். பச்சை எடையில் பாதிக்குமேல் தண்ணீர்தானே என்று, ஒவ்வொன்றிலும் ஒரு பிடியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைத்து மறுபடி நிறுத்தாள். "கொடி முழுக்கப் புல்லு. என் சட்டைய எங்க போடறது?" என்று கணவர் அலுத்துக்கொண்டார்.

கோடை வந்தது. கினியா தண்டு முற்றி விறைத்தது. மாடுகள் மோந்து பார்த்து முகத்தைத் திருப்பின. குட்டையோ அறுக்க அறுக்க அடியிலிருந்து துளிர்த்தது.

வருஷக் கடைசியில் மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் கினியாதான் முன்னால் நின்றது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"குட்டைக்குக் கொஞ்சம் கூட்டி எழுதிடேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர்.

"மாட்டுக்குத் தெரிஞ்சிடுங்க. பொய்யத் தின்னா வயிறு நிறையுமா?"

மறுநாள் தாளை மேலாளரிடம் நீட்டினாள். "நான் தோத்துட்டேன் சார். மொத்தத்துல கினியாதான் ஜாஸ்தி. ஆனா அதுல முக்கால்வாசி மழைக்காலம் நாலு மாசத்துலயே வந்தது. கோடையில குட்டை அதைவிட ரெண்டு மடங்கு கொடுத்திருக்கு. மாடு வருஷத்துக்கு ஒரு தடவையா சார் திங்குது?"

மேலாளர் தாளை இன்னொரு தடவை படித்தார். குட்டையை உழும் பேச்சு நின்றது. மழையில் மிஞ்சிய கினியாவைக் காயவைத்துப் போர் போட்டார்கள், கோடைக்குக் குட்டை. அடுத்த கோடையில் வெளியிலிருந்து விலைக்கு வரும் வைக்கோல் வண்டியை எதிர்பார்த்து யாரும் வாசலைப் பார்க்கவில்லை. கோடைதோறும் வற்றும் பாலும் அந்த வருஷம் வற்றவில்லை.

பிறகு வேறொரு மேலாளர் வந்தார். "இங்க எந்தப் புல்லு நல்ல புல்லு?" என்று கேட்டதும் எல்லோரும் தராசக்காவைக் கைகாட்டினார்கள்.

"எந்த மாசத்துக்கு சார்?" என்றாள் அவள்.