பல்லக்கா திருப்பிக் கொடுக்கப் போன மதிப்பெண்

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்குப் பல்லக்கா என்று பேர் வந்தது அவளுடைய பல்லால் அல்ல, வேறொருவர் பல்லால். ஒருநாள் தலையணை உறைக்குள் ஒரு பல்செட் கிடந்தது. குப்பையில் போடு என்றார்கள். அவள் அதைக் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டு வார்டு வார்டாக ஏறி இறங்கினாள். பொக்கை வாயோடு படுத்திருந்த பெரியவர்களிடமெல்லாம், “போட்டுப் பாருங்கய்யா, பொருந்துதான்னு” என்று நீட்டினாள். கடைசியில் ஒரு வாய்க்குப் பொருந்தியது. பேரும் பொருந்திவிட்டது. பிறத்தியார் பொருள் கையில் தங்கினால் கடவுளிடம் பேச அவளுக்கு வாய் வராது, அவ்வளவுதான் விஷயம்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. விரிப்பைத் துவைத்தது போதும், இனி அந்த விரிப்பில் கிடப்பவர்களைப் பார்க்க வேண்டும். செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் ஐந்நூறு வந்தால் இடம். துணி உலர்த்தும் இயந்திரம் கடகடவென்று சுற்றும்போது அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆவியில் பொதுபொதுத்துப்போன புத்தகத்தைப் படித்தாள். கூட வசித்த நாத்தனார், “அண்ணி, முடி நரைச்சதுக்கு அப்புறமா ரெட்டைச்சடை போடப் போறீங்க?” என்று கேட்டாள். பல்லக்கா சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள்.

போன வருஷம் எண்பது கேள்விக்கு ஐம்பத்திரண்டு சரி. வந்த மதிப்பெண்ணோ நானூற்று எண்பது. இடம் போயிற்று. அந்த ஐம்பத்திரண்டு அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இந்த வருஷத் தாள் அதைவிடப் பொல்லாதது. எழுதிவிட்டு வந்தவர்கள் முகமெல்லாம் பேயறைந்த மாதிரி இருந்தது. விடைகள் வெளியானதும் சரிபார்த்தாள். நாற்பத்தேழுதான் சரி. ஊற்றிக்கொண்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும்.

ஆனால் கைபேசியில் வந்த முடிவு ஐந்நூற்றுப் பத்து என்றது. கீழே, பர்சன்டைல் எழுபத்தெட்டு என்று இன்னோர் எண்.

தரைக்கு ஓடு பதிக்கும் அவள் கணவர், அழுக்குக் கையோடு தெருவுக்கு ஓடி, என் வீட்டுக்காரி நூற்றுக்கு எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். பல்லக்கா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“இது என்னோடது இல்லைங்க. அம்பத்திரண்டுக்கு நானூத்தி எம்பது போட்டவங்க, நாப்பத்தேழுக்கு எப்படி ஐந்நூறைத் தாண்டிப் போடுவாங்க? யாரோடதோ மாறி வந்திருக்கு.”

“வலிய வர்ற சீதேவிய எட்டி உதைக்காதீங்க அண்ணி” என்றாள் நாத்தனார். இடத்தை உறுதி செய்ய மறுநாள் சாயங்காலம்தான் கெடு என்று கணவரும் பதறினார். பல்லக்கா மசியவில்லை. யாரோ ஒரு பிள்ளை தன் மதிப்பெண்ணைக் காணாமல் அழுதுகொண்டிருக்கும்போது, அதன் இடத்தில் போய் உட்கார்ந்து எந்த நோயாளியைத் தொடுவது? எனக்கு இல்லாததை என் கையில் வைக்காதே, எனக்கு உள்ளதை மறைக்காதே என்று வேண்டிக்கொண்டு படுத்தாள்.

காலையில் தேர்வு அலுவலகத்துக்குப் போனால் வரிசை வாசல்வரை நின்றது. எல்லோரும் ஏன் குறைந்தது என்று கேட்க வந்தவர்கள். பல்லக்காவின் முறை வந்தது. அதிகமாகப் போட்டுவிட்டீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கண்ணாடி போட்ட அலுவலகப் பெண், காது சரியாகக் கேட்கவில்லையோ என்று ஜன்னலுக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். எத்தனை சரி என்பது ஒரு கணக்கு. அது அப்படியே மதிப்பெண் ஆகாது. போன வருஷத் தாள் லேசு, இந்த வருஷத் தாள் கடினம். இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்துதான் மதிப்பெண் போடுவார்கள்.

பல்லக்கா விடவில்லை. “அப்போ கஷ்டமான தாளுன்னு இரக்கப்பட்டுச் சேத்துப் போட்டீங்களாம்மா? இரக்கப்பட்டுக் குடுத்த இடம் எனக்கு வேணாம்.”

“இரக்கம் இல்லக்கா, அளவு.”

அளவு என்றதும் அவளுக்குத் தன் கூடத்துத் தராசு ஞாபகம் வந்தது. வார்டிலிருந்து வரும் விரிப்புகளை எடை போட்டுத்தான் இயந்திரத்தில் ஏற்றுவார்கள். நனைந்து வந்த மூட்டை முள்ளைச் சாய்த்துவிடும். அதற்காகத் துணி கூடிவிடுமா? உலர்ந்தபின் போடுவதுதான் எடை.

“ஈரத்தைக் கழிச்சுட்டு எடை போடுற மாதிரியா?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். “அப்படியேதான் வச்சுக்கோங்க.”

அப்படியானால் போன வருஷத்து ஐம்பத்திரண்டு ஈரத்துணி. ஒரு வருஷமாக நெஞ்சில் குத்திய முள், யாரும் பிடுங்காமலே விழுந்தது. தனக்கு அநியாயம் நடந்ததாக மனசுக்குள் எத்தனை பேரைத் திட்டியிருப்பாள்!

எழுபத்தெட்டையும் கேட்டுவிட்டாள். அது நூற்றுக்கு வாங்கிய மார்க் இல்லையாம். எழுதியவர்களில் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், எழுபத்தெட்டுப் பேர் அவளுக்குப் பின்னால் நிற்பார்களாம்.

பல்லக்கா திரும்பிப் பார்த்தாள். வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டிருந்தாள். ஒருவர் நின்றபடியே தூங்கினார். அவர்களும் எங்கோ ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள்தானே. முன்னாலும் இருபது பேருக்குமேல் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தலை கனக்காமல் இருக்க அது உதவியது. அவர்களுக்கும் ஒரு வழி காட்டு என்று உதட்டுக்குள் சொல்லிவிட்டு, இடத்தை உறுதி செய்யும் ஜன்னலுக்கு நேராக நடந்தாள். கையெழுத்துப் போட்டாள்.

கணவர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். நாத்தனார் அவருக்குப் பின்னால்.

“திருப்பிக் குடுத்துட்டியா?” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனபடியே பல்லக்கா சொன்னாள்: “போட்டுப் பாத்தேங்க. எனக்குத்தான் பொருந்துது.”