அப்பா எழுதாத ஆய்வுக் கட்டுரை

நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்பியபோது, குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் என் இனிஷியலைப் போட்டேன்.
2. இரண்டாவதை அனுப்பிய ஆய்விதழின் இணையதளம் ஓர் எழுத்தைக் குடும்பப் பெயராக ஏற்கவில்லை. அப்பாவின் பெயரை முழுதாக எழுதினேன்.
3. மூன்றாவதில் விவரம் தெரிந்தவளாக என் பெயரையே அங்கே எழுதி, இனிஷியலை முன்னால் வைத்தேன்.
4. மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளம் நாங்கள் மூன்று பேர் என்று முடிவு செய்தது.
5. மூவரில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் அப்பா.

அப்பா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். கனிம வேதியியல் படித்தவள் நான். அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் காரக் கரைசலில் வேகவைத்தால் நுண்துளைகள் கொண்ட படிகம் கிடைக்கும். அது தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் அந்த இரண்டாவது கட்டுரை. சாம்பல் குவியும் ஊர்கள் உலகமெங்கும் இருப்பதால் பலரும் செய்து பார்த்தார்கள். செய்தவர்கள் மேற்கோள் காட்டினார்கள். அப்பாவின் பெயர் முழுதாகவும், என் பெயர் ஓர் எழுத்தாகவும்.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்வரை இது எங்கள் வீட்டில் வெறும் வேடிக்கைதான். விண்ணப்பத்தில் மேற்கோள் எண்ணிக்கையைத் தரவுத்தளமே நிரப்பிக்கொள்கிறது. என் பெயருக்கு நேராக வந்த எண்ணை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை வைத்து யாரும் நேர்முகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

மூவரும் ஒருவரே என்று தரவுத்தளத்துக்கு எழுதினேன். பணிவாகப் பதில் வந்தது. இரண்டாவது கட்டுரையின் ஆசிரியர் பெயர் முற்றிலும் வேறாக இருக்கிறது. அவர் என் தந்தை என்று நானே குறிப்பிட்டிருக்கிறேன். ஆகவே கட்டுரை தன்னுடையது அல்ல என்று அவரே எழுதித் தர வேண்டும்.

மடிக்கணினியோடு துறைமுகத்துக்குப் போனேன். அப்பா ஒரு படகின் இன்ஜின் அறையிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். கரையில் அவருடைய தோஸ்து, ஐஸ் உடைக்கும் மாமா, பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா பாப்பா, உங்க நைனா சயின்டிஸ்டாமே. அந்த நட்டக் கய்ட்ட காலைலேந்து முக்கிகினு கீறான்” என்றார் மாமா.

“ஜப்பான்ல என் பேரப் போட்டு எழுதிகிறானுங்கோடா” என்றார் அப்பா. “உன் பேர கரண்டு பில்லுல கூட தப்பாத்தான் போட்டுகிறான்.”

விஷயத்தைச் சொன்னேன். அப்பா மேலே ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார்.

“நான் போட்டு மெக்கானிக். இத என் பொண்ணுதான் எழுதுச்சு. நான் வள்ளூர் கரண்டு பிளாண்டுலேந்து சாம்பல் மூட்ட மட்டும் தூக்கினு வந்தேன்.”

“மூட்டை எதுக்கு நைனா? அப்புறம் உனக்கும் பங்கு இருக்குன்னு நினைச்சுக்குவாங்க.”

“செஞ்ச வேலைய சொல்ல வேணாமா?”

“வண்டி என்னுது, பெட்ரோலும் என்னுது. அப்ப என் பேரயும் சேரு” என்றார் மாமா.

“இவனோட ஒரே பேஜாரு” என்று அப்பா மூட்டையை விட்டுக்கொடுத்தார்.

நான் ஆங்கிலத்தில் எழுதி, வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும் என்று ஒரு வரி சேர்த்தேன். அப்பா தன் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினார். அந்த மின்னஞ்சலும் நான் அங்கேயே உட்கார்ந்து தொடங்கிக் கொடுத்ததுதான்.

“இனிமே அந்தப் பேப்பர் உன்னுது இல்ல, பரவால்லியா நைனா?” என்றேன் கிண்டலாக.

“நீயே வச்சுக்க. ஜப்பான்காரன்கிட்ட மட்டும் சொல்லிடு. நான் எங்க பூட்டேன்னு தேடிகினு இருப்பான்.”

விண்ணப்பம் மூடுவதற்கு முந்தைய நாள் காலையில் பதில் வந்தது. மூன்று ஆசிரியர்களும் ஒருவராகியிருந்தார்கள். விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். எண் மாறியிருந்தது. அனுப்பினேன்.

அச்சான கட்டுரையை மாற்ற முடியாது. புதிதாக மேற்கோள் காட்டுபவர்கள் இன்றும் அப்பாவின் பெயரைத்தான் எழுதுகிறார்கள். கணக்கு என்னிடம் வருகிறது. நேர்முகத்துக்கு அழைப்பு வந்து, போய்வந்துவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை.