நெய் அடங்கும் சத்தம்

தொட்டியில் தவிட்டுக் கஞ்சியை ஊற்றிவிட்டு அத்தான் உடனே நகர மாட்டார். கொஞ்சமாவது கேட்கிற இடது காதைக் கொட்டில் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். பன்றி சப்புக்கொட்டுவது காதில் விழுந்தால்தான் திருப்தி. "என்ன மேனேஜர், இன்னைக்குப் பசி கம்மியா?" அவர் வளர்க்கும் எல்லாப் பன்றிக்கும் அதே பெயர்தான். லாரிப் பட்டறையில் தன்னை மேய்த்தவர்களுக்கு அவர் செய்யும் மரியாதை அது.

கறிக்காரர் வரும் நாளில் மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போய்விடுவார். சாயங்காலம் வாசலில் நின்றபடியே கேட்பார்: "மேனேஜர் போயிட்டாரா?" கறியை ஒரு வாய் தொட மாட்டார். அதன் கொழுப்பை உருக்கிச் சுடும் பிஸ்கட்டுக்கு மட்டும் அந்தத் துக்கம் கிடையாது.

அக்கா இருந்தவரை கொழுப்பு உருக்குவது அவள் வேலை. முதுகுக் கொழுப்பு பொரிப்பதற்கு. சிறுநீரகத்தைச் சுற்றிப் பொதிந்திருப்பது பிஸ்கட்டுக்கு. வாசமே இல்லாத வெள்ளை நெய் அதில்தான் வரும். பொடியாக நறுக்கி, அடிப்பிடிக்காமல் இருக்க ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு, சிறு தீயில் வைப்பாள். தண்ணீர் இருக்கும்வரை சட்டி படபடவென்று பேசும். வற்றியதும் குரல் தணியும். அப்போதே இறக்க வேண்டும். விட்டால் சிவந்து கறி வாசம் ஏறிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது. ரேடியோவை நிறுத்திவிட்டு ஒற்றை விரலை உயர்த்துவாள். அத்தான் வேண்டுமென்றே இருமுவார். "தொண்டைக்கும் கிரீஸ் போடணுமா உங்களுக்கு?" என்பாள். நெய்யை வடிகட்டியபின் மிஞ்சும் திப்பியில் உப்புத் தூவி எங்கள் கையில் போடும்போதுதான் பேச்சு திரும்பும். மறுநாள் பிஸ்கட் வாயில் வைத்ததும் இதழ் இதழாக உதிரும்.

அவள் போன பிறகு முதல் தடவை அத்தானே உருக்கினார். சத்தம் தணிந்தது அவருக்குக் கேட்கவில்லை. பிஸ்கட் சுட்டு வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பார்சலில் அனுப்பினார். போனில் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பா, கறி வாசம் அடிக்குதுப்பா."

"மேனேஜர் சீட்டை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கிறார்மா" என்று சிரித்தார். போனை வைத்ததும் மிச்ச நெய்யை எடுத்துப்போய் வாசல் கேட்டின் கீலுக்குப் பூசினார்.

இப்போது அந்த மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் கால் வைக்கப்போவது இதுதான் முதல் முறை.

"அதே பிஸ்கட் இருக்கணும்மா. வேற எதைக் காட்டி அவளை உள்ள கூப்பிடுவேன்?" என்றார் அத்தான் என்னிடம்.

ஒரு பன்றியில் அந்தச் சிறுநீரகக் கொழுப்பு இரண்டே உருண்டைதான் தேறும். கெட்டுவிட்டால் அவள் வருவதற்குள் வேறு கிடைக்காது.

"நான் பாத்துக்கிறேன் அத்தான். எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு?"

"காது இருக்கு, பொறுமை? உங்கக்கா எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போயிருக்கா."

பழைய கருவிப் பெட்டியைத் திறந்து, முழங்கை நீளத் திருப்புளி ஒன்றை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவியது போதாதென்று மறுபடியும் கழுவினார். எஞ்சினுக்குள் எங்கே நோவு என்று அறிய, பட்டறையில் இதன் நுனியை இரும்பில் ஊன்றிப் பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார்களாம். "எத்தனை வண்டி இதுகிட்ட அழுதிருக்கு தெரியுமா? சட்டி என்ன பெரிய சட்டி!"

நறுக்கிப் போட்ட கொழுப்பு உருகி அடுப்பில் படபடத்துக்கொண்டிருந்தபோது, நுனியைச் சட்டியின் விளிம்பில் ஊன்றினார். பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு குனிந்தார்.

"அத்தான், மூஞ்சியில தெறிக்கப் போகு..."

கண்ணைத் திறக்காமலே ஒற்றை விரலை உயர்த்தினார். நான் போய் ரேடியோவை நிறுத்தினேன்.

திரும்பி வந்தபோது அடுப்பை அவரே அணைத்திருந்தார். சட்டியில் நெய் சிவக்காமல் தண்ணீர்போலத் தெளிந்து நின்றது. அத்தான் மட்டும் திருப்புளியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.