இறுப்பிட்டி வாசலில் தொடங்கும் சைக்கிள் வழி

அன்று காலை இறுப்பிட்டி வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றவர்கள் மூன்று பேர்: வீட்டுக்காரரின் மகன், அவருடைய மனைவி, நான். என் அப்பாவும் அம்மாவும் வழியனுப்பக் கேற்றடியில் நின்றார்கள். வீட்டுக்காரர் வரவில்லை. அவர் கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். பெற்ற மகனையே யாரோ கடைப் பொடியன் என்று நினைத்துக் கதைக்கிறாராம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தப் பேச்சை நம்பி இருக்கிறார்கள் என்பது எங்களைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இருந்தது நாங்கள்தான். வீட்டுக்காரர் முன்பு தெற்கில் ஒரு பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடை எரிந்து, பிறகு ஊரும் சனமில்லாமல் வெறித்து, கனடாவுக்குப் போனார். சண்டை முடிந்த பிறகு வீட்டைப் பார்க்க வந்தபோது கூரையில் ஆலங்கன்று முளைத்திருந்தது. அதை வெட்டி இறக்க அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா வேலி அடைப்பார், ஓலை வெட்டுவார், கூப்பிட்ட வேலைக்குப் போவார். அப்போது நாங்கள் கரையோரத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். எனக்கு நாலாம் வகுப்பு. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் அப்பாவிடம் சொன்னார்: "சனம் இருந்தால்தான் வீடு நிக்கும். நீங்கள் வந்து இருங்கோ. வாடகை கீடகை ஒண்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமையில ஒரு விளக்கு வையுங்கோ, அது காணும்."

எழுத்து ஒன்றும் இல்லை. அந்த வீட்டு மேசையில் இருந்து படித்துத்தான் நான் கம்பஸுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் ஒருவரும் பத்தாம் வகுப்பைக் கண்டதில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டில் இருந்து வீட்டுக்காரர் வருகிறார் என்று தெரிந்ததும் எங்கள் சாமான்களை ஒளித்துவிடுவோம். கட்டில், பாய், அம்மாவின் தையல் மெசின், என் புத்தகங்கள் எல்லாம் பின்பக்கத்துச் சமையல் குசினிக்குப் போகும். கொடியில் கிடக்கும் உடுப்புப் போகும். வாசலில் கிடக்கும் செருப்புகூடப் போகும். சுவரில் மாட்டியிருந்த என் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றி, அந்த ஆணியில் கலண்டரைத் தொங்கவிடுவார் அப்பா. "வந்து நிக்கிறவைக்கு இது அவையின்ர வீடாத் தெரிய வேணும்" என்பார். எங்கள் தெருவில் பிறருடைய வீட்டைப் பார்த்துக்கொள்கிற எல்லோரும் அப்படித்தான். அது மரியாதை.

வீட்டுக்காரருக்கு இது பகிடி. வந்ததும் வராததுமாகக் குசினியை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த முறையும் ஒளிச்சிட்டியளே? எடுங்கோ கட்டிலை வெளியில, எனக்கு முதுகு நோகுது" என்று சத்தம் போடுவார். அப்பா வெட்கத்தோடு சிரித்தபடி எல்லாவற்றையும் திரும்ப உள்ளே கொண்டுபோவார். அதனால் எத்தனை தடவை ஒளித்தாலும் எங்களுக்குப் பயம் வரவில்லை.

இந்தத் தடவை மகன் வந்தார். பத்து வயதில் ஊரை விட்டுப் போனவர். பெட்டிகளில் கழற்றிக் கொண்டுவந்திருந்த இரண்டு சைக்கிள்களை முற்றத்தில் வைத்துப் பொருத்திப் பூட்டினார். குசினியை அவர் எட்டிப் பார்க்கவில்லை. வெறுமையாக, துப்பரவாக இருந்த நாலு அறைகளையும் பார்த்தார். "அப்பிடியே கிடக்குது" என்று மனைவியிடம் சொன்னார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தீவுப்பகுதியில் சைக்கிளுக்கு வழி போடுகிறவன் தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது, காற்றைப் பார்க்க வேண்டும். தென்மேற்கில் இருந்து சோளகம் வீசுகிற மாதங்களில் காலையில் காற்று வலுக்கும் முன் புறப்பட்டு, தாம்போதியைக் கடந்து வேலணைக்குப் போய்விட வேண்டும். கடலுக்கு நடுவே போகிற அந்தத் தெருவில் அப்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். பிறகு கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு சுருவில், நாரந்தனை, ஊர்காவற்றுறை. திரும்பும்போது உள்வீதியால் வந்து சாட்டியில் ஒரு குளிப்பு. கடைசியில் அதே தாம்போதி, முழு எதிர்காற்று. களைத்த பிறகு எதிர்காற்றில் ஓட விடுவது பிழையான வழி என்று என்னோடு சைக்கிள் ஓடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது, எங்கள் தீவுக்குத் திரும்ப வேறு தெரு இல்லை.

படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருந்த நாட்களில் இந்த வழியைத்தான் ஓடி ஓடிப் பார்த்தேன். எந்த வளைவில் மணல் ஏறிக் கிடக்கும், எந்த மதகடியில் கல்லில் ரயர் வெட்டும், எந்த வீட்டு நாய் துரத்தும் எல்லாம் பாடம். யாழ்ப்பாணத்தில் இருந்து இடைக்கிடை யாராவது வந்தால் கூட்டிப் போவேன். இது ஒரு தொழிலாகும் என்று நினைத்தேன்.

அன்று சுருவில் பக்கம் கடல் வற்றிக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலையை இழுத்துக்கொண்டு நடந்தார். தெருவின் மற்றப் பக்கம் தலையில்லாத பனைகளும், கதவில்லாத வீடுகளும். அக்கா, அதாவது வீட்டுக்காரரின் மருமகள், ஒவ்வொரு வீட்டடியிலும் நின்று படம் எடுத்தார். "என்ன வடிவு" என்றார். அடுத்த வீட்டில் "என்ன கவலை" என்றார். பிறகு இரண்டையும் சேர்த்தே சொல்லத் தொடங்கினார்.

"இப்பிடி நிண்டு நிண்டு போனால் பின்னேரம்தான் வீட்டை போவம்" என்று அவருடைய கணவர், எனக்கு அண்ணை, கத்தினார்.

"நீங்கள் முன்னால ஓடுங்கோ. நான் கவலைப்பட்டு முடிச்சிட்டு வாறன்."

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் தேத்தண்ணி குடித்தோம். கடலுக்குள் கோட்டை நின்றது. காரைநகருக்குப் போகிற மிதவையில் மோட்டார் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்த றூட்டை நீர்தான் போட்டனீரோ?"

"ஓம் அண்ணை. வேலையில்லாத நாளில தனிய ஓடிப் பார்த்தனான்."

"விசர் வேலை. நல்ல விசர் வேலை." தொடையில் தட்டிச் சிரித்தார். "நான் எத்தினையோ நாட்டில ஓடியிருக்கிறன். உப்பிடிக் கடலோட ஒட்டின வழி காணேல்லை. வாறவைக்குத் தங்க இடம் இல்லை, அதுதான் குறை. எங்கட வீடு நாலு அறையோட சும்மா பூட்டிக் கிடக்குது. அதைத் திருத்தி எடுத்தால்? நீர் றூட்டைப் பாரும், நான் வீட்டைப் பாக்கிறன். சம்பளத்தோட."

ஒரு கணம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்க முடியாது. மறுகணம் 'சும்மா பூட்டிக் கிடக்குது' என்றது உறைத்தது.

"அண்ணை, வீடு பூட்டிக் கிடக்கேல்லை. ஆக்கள் இருக்கினம்."

"ஆர்?"

"நாங்கள்தான்."

"அது தெரியுந்தானே" என்றார் அக்கா. "அம்மா எவ்வளவு துப்பரவா வைச்சிருக்கிறா. ஒவ்வொரு நாளும் வந்து கூட்டுறவவோ?"

"வாறதில்லை அக்கா. அங்கதான் இருக்கிறம். அங்கதான் படுக்கிறது."

அண்ணை கிளாசைக் கீழே வைத்தார். வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. "இரவிலயும் காவலோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. அப்பா ஏதும் குடுத்தவரோ?"

"காசுக்கு இல்லை அண்ணை. உங்கட ஐயாதான் எங்களை இருக்கச் சொன்னவர்."

"சரி, சரி. வீட்டை போய் உம்மட அப்பாவோட நேர கதைக்கிறன். நீர் யோசியாதையும்."

அவர் நல்ல மனிதர். அதனால்தான் எனக்கு நிம்மதி வந்தது. சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லிவிட்டேன், மீதியை அப்பா சொல்வார். சாட்டியில் குளிக்கும்போது பாரம் இறங்கியது போல இருந்தது. தாம்போதியில் சோளகம் முகத்தில் அறைந்தது. என் பழைய சைக்கிள் நகர மறுத்தது. "தம்பி, என்ர பின்சில்லை ஒட்டி வாரும், காற்றுப் படாது" என்று அண்ணை கத்தினார். ஒட்டிப் போனேன். உண்மைதான், அவருடைய முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. கரை சேரும் வரைக்கும் அந்த முதுகை நம்பிப் போனேன்.

வீட்டு வாசலில் அப்பா தோய்த்த சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அண்ணை விறாந்தைக் கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, நேரடியாகவே கேட்டார்.

"ஐயா, நீங்கள் இஞ்சதான் இருக்கிறியள் எண்டு தம்பி சொன்னவர். உங்கட வீடு எது?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கரைப் பக்கத்தைக் காட்டினார். அங்கே எங்கள் கொட்டில் நின்ற இடத்தில் இப்போது ஈச்சம்பற்றைதான் இருக்கிறது.

"அந்தா, கரைப்பக்கம். கிட்டத்தான் தம்பி. இஞ்ச விளக்கு வைக்க வாறது. இடைக்கிட படுக்கிறதும்."

குசினிக்குள் அம்மா தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"அப்ப இந்த வீட்டை நான் ஏதும் செய்தால் உங்களுக்குக் கரைச்சல் இல்லையோ?"

"எங்களுக்கென்ன கரைச்சல்? உங்கட வீடு தம்பி. விரும்பினதைச் செய்யுங்கோ."

அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வீணாகப் பயந்துவிட்டேன் என்ற சிரிப்பு. நான் வாயைத் திறந்திருந்தால் அந்த விறாந்தையில் அப்பா பொய்யர் ஆகியிருப்பார்.

அவர்கள் நயினாதீவுக்குக் கும்பிடப் போன நேரம் அப்பாவிடம் கேட்டேன். "உள்ளதைச் சொல்லுறதுக்கு என்ன?"

"என்னெண்டு சொல்லுறது? தகப்பனுக்கு நினைவில்லை எண்டு தெரிஞ்சுகொண்டு வீட்டைப் பிடிக்கப் பாக்கிறாங்கள் எண்டு நினைக்கமாட்டாரே?"

அப்பா சொன்னது விளங்காமல் இல்லை. பார்க்கக் கொடுத்த வீட்டை விட்டு எழும்பமாட்டோம் என்று நின்ற ஒரு குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. வழக்கு நடக்கிறது. அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்குக்கூட ஊரில் அரைவாசிப் பேர் போகவில்லை. அந்தப் பெயருக்கு அப்பா பயந்தார்.

"எங்களுக்கு நல்ல பேர் இருக்குது" என்றார்.

"இருக்குது, இருக்குது" என்றார் அம்மா. "இனி அந்தப் பேருக்குள்ள பாயை விரிச்சுப் படுப்பம்."

அவர்கள் வெளிக்கிட்ட அன்று அண்ணை ஒரு காசுக் கவரை நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் தடுத்து வேண்டாம் என்றுவிட்டார். மழைக்காலத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது. தைப்பொங்கல் முடிய வேலையாட்கள் வருகிறார்களாம். "வீட்டில கிடக்கிற சாமான் ஏதும் இருந்தால் ஒதுக்கிவிடும் தம்பி. சரிதானே?" என்றார். சரி அண்ணை என்றேன்.

இப்போது அந்த வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறது. வேம்புக்குக் கீழே சைக்கிள் நிறுத்தக் கம்பி போட்டிருக்கிறார்கள். நான் சம்பளத்துக்கு நிற்கிறேன். காலையில் அந்த வாசலில் விருந்தினர்களைச் சேர்த்து, காற்றைப் பற்றிச் சொல்லி, தாம்போதிக்குக் கூட்டிப் போகிறேன். வீட்டுக்காரருக்கு இது ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை விளக்கு இல்லை. இரவிரவாக மின்விளக்கு எரிகிறது.

அப்பாவும் அம்மாவும் சுருவிலில், பூசாத ஒரு வீட்டின் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். அங்கே அப்பாவை வேலி அடைக்கக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் இல்லை. என் வழி அந்த வீட்டு வேலியோடுதான் போகிறது. சைக்கிள்களின் சத்தம் கேட்டால் அம்மா கொடியில் கிடக்கிற உடுப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "வாறவைக்குக் கடலெல்லோ தெரிய வேணும்" என்றார்.

நாங்கள் அந்த வீட்டை விட்டு எழும்பியது பொங்கலுக்கு மறுநாள். சுருவிலுக்கு இரண்டு நடை என்று ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பேசியிருந்தோம். கட்டில், மெசின், புத்தகப் பெட்டி எல்லாம் ஏற்றியும் இழுவைப் பெட்டியில் இடம் மிஞ்சியது. சாரதி வீட்டுக்குள் போய் அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்தார்.

"இவ்வளவுதானோ அண்ணை? இத்தினை வருசமா இருந்திருக்கிறியள்?"

"இதுகளைத் தூக்கித் தூக்கி எங்களுக்குப் பழக்கம்" என்றார் அப்பா.

அதே ஆணியில் கலண்டரை மாட்டிவிட்டு, கேற்றைச் சாத்தினார். ஒரு நடைதான் ஓடியது. அதற்கு ஏழாயிரம் ரூபா கொடுத்தோம்.